பத்தொன்பது கிலோ

"இளங்கோவன் நம்மளை ஏமாத்துறாரு மேடம். காலையில நடக்கிறதெல்லாம் சும்மா கண்துடைப்பு. தினமும் மத்தியானம் பிரியாணிக் கடையிலதான் உக்காந்திருக்காரு."

நாகேஷ் இப்படிச் சொன்னபோது ஜோவிதா முதலில் நம்பவில்லை.

சந்தாபுராவைத் தாண்டியிருந்த அந்தக் கிராமத்துக்கு நகரத்துக்குள் இருக்கும் மர்பி டவுனிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தாள் அவள். கிராமத்து ஆண்களின் உடல் எடையைப் பற்றி ஒரு மருத்துவமனை நடத்தும் ஆராய்ச்சி. ஆள் சேர்ப்பதும் எடை பார்ப்பதும் அவள் வேலை. முதல் மூன்று வாரம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. தொப்பை என்ன பெரிய வியாதியா என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

நாலாவது வாரம் முதல் ஆளாக வந்து மிஷினில் ஏறியவர் இளங்கோவன்தான். பக்கத்துக் கம்பெனியில் செக்யூரிட்டி. நூற்றிரண்டு கிலோ.

நாலே மாதத்தில் எண்பத்து மூன்று.

பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதுசு புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்தவரைப் பார்த்துப் பார்த்தே பதினெட்டு பேர் சேர்ந்தார்கள். விடிந்ததும் ஏரிக்கரையில் கும்பலாக நடந்தார்கள். நாகேஷும் அதில் ஒருவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜோவிதா இளங்கோவனின் எடையைச் சத்தமாகப் படிப்பாள். எல்லோரும் கை தட்டுவார்கள்.

நாகேஷின் புகாரை, ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டாக்டர் வித்யாலட்சுமியிடம் சொன்னாள். இளைப்பதற்கு ஏதாவது பவுடர் சாப்பிடுகிறாரோ என்னவோ, விசாரித்துவிட்டு, உண்மையென்றால் பெயரை எடுத்துவிடச் சொன்னார் டாக்டர். ஒருத்தர் பொய்யானால் மொத்த ஆராய்ச்சியும் கெட்டுவிடும் என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கடைக்கே போய் நின்றாள் ஜோவிதா.

நாகேஷ் சொன்னது சரிதான். மட்டன் பிரியாணி, இரண்டு முட்டை, தனித் தட்டில் கபாப். ஒவ்வொரு வாயாகத் தள்ளிக்கொண்டிருந்தார் இளங்கோவன்.

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பதினெட்டு பேர் வாயைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பீர்கள் என்று கேட்டாள். சனிக்கிழமை முதல் வேலையாகப் பெயரை அடிக்கப்போவதாகவும் சொன்னாள்.

அவர் எழுந்து போனார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பையிலிருந்த ஃபைலை எடுத்து நீட்டினார்.

ஸ்கேன் ரிப்போர்ட். கணையத்தில் புற்றுநோய். ஈரல்வரைக்கும் பரவியிருந்தது. தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது.

"நடந்து குறைஞ்சது அஞ்சோ ஆறோதான்மா. மிச்சமெல்லாம் இது தின்னது. ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிடுச்சாம். முடிஞ்சதைச் சாப்பிடச் சொன்னாங்க. எதைத் தின்னாலும் உடம்புல ஒட்டலை."

ஜோவிதா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில வாரங்களில் இரண்டு கிலோ இறங்கியபோது ஏன் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நோட்டில் எழுதி, பக்கத்தில் ஸ்டார் போட்டிருந்தாள்.

நிமிர்ந்து அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"தெரிஞ்சும் ஏண்ணா வாராவாரம் வந்து மிஷின்ல நின்னீங்க?"

இளங்கோவன் ஃபைலை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

"நாகேஷுக்கு சுகர் முந்நூத்தம்பது இருந்துச்சு. நடக்க ஆரம்பிச்சப்புறம் நூத்தியெழுபது. இளைச்சாலே வியாதின்னு பேசுற ஊரும்மா இது. நான் இளைச்சதும் வியாதியாலதான்னு தெரிஞ்சா, அடுத்த நாள் ஏரிக்கரைப் பக்கம் ஒருத்தன் வரமாட்டான். நாளையிலருந்து வேற கடையில சாப்பிட்டுக்கறேன். இன்னும் கொஞ்ச நாள்தான். நான் படுத்துட்டா, வேலூர்ல மக வீட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லு. அங்கயும் தினம் நடக்கறேன்னு சொல்லிடும்மா."