இருவருக்கான போர்வை

மருதமுனைத் தறிகளில் மிஞ்சும் துணித்துண்டுகளைப் பொருத்தி ஸுஹைறா போர்வை தைப்பாள். இப்போது அவளிடம் இரண்டு வேலைகள் பாதியில் நின்றன. ஒன்று, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கான தொட்டில் போர்வை. மற்றது, அவளுக்கும் நளீமுக்குமான பெரிய போர்வை. ஆழ்கடலுக்குப் போன நளீமிடமிருந்து ஒரு கிழமையாகச் செய்தி இல்லை. அவன் திரும்பி வரவேண்டுமென்று அவள் பெரியதையே கையிலெடுத்தாள்.

கட்டிலில் விரித்துப் பார்த்தாள். ஒருவர் போர்த்தத்தான் காணும் போலிருந்தது. ஒரு வரிசை கூட்டித் தைத்தாள். அப்போதும் ஒருவருக்குத்தான் போதுமாக இருந்தது.

"என்ன மச்சி, காக்காவ வெளியில படுக்கப் போடப் போறீங்களா?" என்று அண்ணனைச் சொல்லி நளீமின் தங்கை சிபானா சிரித்தாள்.

ஸுஹைறாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மிஞ்சுவது தான் ஒருத்தி மட்டுமோ என்ற பயத்தில் மேலும் இரண்டு வரிசைகள் தைத்தாள். அளவு நாடாவில் போர்வை வளர்ந்திருந்தது. கட்டிலில் வளரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நளீம் வந்துவிட்டான். இயந்திரம் பழுதாகிக் கரை சேரத் தாமதமாம். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டு, கட்டிலில் தன் வழக்கமான பக்கத்தில் படுத்து அவன் போர்வையை இழுத்துக்கொண்டான்.

"எனக்கு அளவாத்தான் இருக்கு புள்ள. இனி நம்மட குழந்தைக்குள்ளதத் தையன்."

"ஓம்" என்று தொட்டில் போர்வையை எடுத்தாள். ஓரத்தில் வைக்கும் கரைத்துணி தேர்ந்தெடுக்க, அதை அவனருகில் விரித்தாள்.

அவள் படுக்கும் இடம் முழுவதையும் அது ஓரம்வரை நிரப்பியிருந்தது. நளீம் தூக்கத்திலேயே அதன்மேல் கையைப் போட்டுக்கொண்டான். அவனுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று; தான் எங்கே உட்காருவதென்று தெரியாமல் ஸுஹைறா ஊசியோடு நின்றாள்.