படிக்காத கூட்டம்

“படிக்காத கூட்டமுங்க! நம்ம நகருக்குப் பின்னாடி தொண்ணூத்தாறு குடும்பத்தக் கொண்டாந்து குடி வெச்சா, அப்புறம் நாம நிம்மதியா இருந்த மாதிரிதான்!”

சங்ககிரி அறிவொளி நகர் குடியிருப்போர் சங்கத் தலைவர் அன்பழகன் மேஜையைத் தட்டினார். டீ தம்ளர்கள் குதித்தன. உறுப்பினர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் தலையாட்டி வைத்தார்கள்.

விஷயம் இதுதான். நகருக்குப் பின்னால் சும்மா கிடக்கும் புறம்போக்கு நிலத்தில் அரசாங்கம் அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறது. மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற வாய்க்கால்மேட்டுக் குடிசைக்காரர்களுக்கு. அக்கம்பக்கத்தாரின் கருத்தை எழுத்துமூலம் கேட்டிருந்தார்கள்.

“எழுத்துதானுங்களே? அத எங்கிட்ட உடுங்க” என்றார் அன்பழகன்.

விடலாம்தான். தாலுகா ஆபீஸில் முப்பத்தோரு வருஷம், அதுவும் தடையில்லாச் சான்று எழுதுகிற மேஜையில் இருந்தவர். சம்பந்தி வீட்டுக்குப் போட்ட கடிதத்தையே ‘பார்வை: தங்களது தொலைபேசி அழைப்பு’ என்று ஆரம்பித்த மனுஷன்.

மறுநாள் நடைப்பயிற்சிக்கு நடுவிலேயே, கம்ப்யூட்டர் சென்டர் கௌசியாவுக்கு வாட்ஸ்அப்பில் மனுவை வாயாலேயே சொல்லிப் பதிவு செய்து அனுப்பினார். மத்தியானம் கலர் பிரிண்ட் வந்து சேர்ந்தது. தலைவர் என்ற இடத்தில் வளைத்து வளைத்து முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு மனைவியிடம் நீட்டினார்.

அறிவுச்செல்வி நிதானமாகப் படித்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“ஏனுங்க, நெசமாலுமே இப்படித்தானுங்களா?”

“பின்னே? போடு புள்ள.”

“நீங்க ஒருக்கா படிச்சுப் பாக்கலீங்களா?”

“நான் சொன்னது எனக்குத் தெரியாதா?”

அவள் கையெழுத்துப் போட்டாள். அப்புறம், டாக்டர் வேண்டாமென்று சொன்ன சர்க்கரையை இரண்டு கரண்டி போட்டுக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அன்பழகனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் குடித்துவிட்டார்.

அடுத்து டயர் கடை பஷீர் அகமது. படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

“அண்ணா, இதுல இருக்கற மாதிரியே போட்டுரலாமுங்களா?”

“அப்படியே போடுங்க பாய்!”

பஷீர் எழுந்து வந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மயிலம்மாள் டீச்சர் வீட்டில் ஒரு தட்டு நிறைய வெல்லக் கச்சாயம் வந்தது. மூன்றே நாளில் அறுபத்திரண்டு வீட்டுக் கையெழுத்தும் விழுந்தது. தலைவருக்கு இரண்டு கிலோ எடையும் ஏறியது. என்ன ஒற்றுமை, என்ன ஒற்றுமை என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை, கருத்துக் கேட்டிருந்த ஆபீஸுக்கு நேரில் போய்க் கொடுத்தார். அதிகாரியம்மா மனுவைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“‘மேற்படி குடியிருப்புகள் அமைவதில் எங்களுக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்’... சார், என் சர்வீஸ்ல இப்படி ஒரு மனுவ நான் பாத்ததே இல்ல!”

அன்பழகனுக்குக் காது அடைத்துக்கொண்டது.

பின்னால் ஒரு விசும்பல். சாலம்மாள். அவர்கள் நகரின் தெருக்களைக் கூட்டுகிறவள், வாய்க்கால்மேட்டுக்காரி. கையில் ஒரு மனுவோடு நின்றிருந்தாள்.

“நீங்க எதுத்து மனுக் குடுக்க வர்றீங்கன்னு சொன்னாங்க சாமி. இங்கயே உங்க கால்ல உழுந்து கேக்கலாம்னுதான் வந்தேன். புள்ளகுட்டியோட நல்லா இருக்கோணுஞ் சாமி நீங்க!”

‘தப்பா அடிச்சுட்டாங்க மேடம்’ என்பது தொண்டைவரை வந்தது. சாலம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டது.

நேராகக் கௌசியாவின் கடைக்குப் போனார்.

“ஏம்மா! நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு அடிப்பியா?”

கௌசியா தன் போனை எடுத்து அழுத்தினாள். அவருடைய குரல்தான், நடந்த மூச்சிரைப்போடு கம்பீரமாக வந்தது. “...எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். அப்படியே அடிச்சுரும்மா.”

முப்பத்தோரு வருஷம் தினமும் எழுதிய வாசகம். ‘ஆட்சேபணை’ என்று ஆரம்பித்தால் அந்த வாய் ‘இல்லை’யில் போய்த்தான் நிற்கும்.

“சாருக்கு எவ்வளவு நல்ல மனசுன்னுதானே கலர்ல போட்டுக் குடுத்தேன்?” என்றாள் கௌசியா.

வீட்டுக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தார் அன்பழகன்.

“மோசம் போயிட்டேன் அறிவு. என்னைய நம்பி அறுபத்திரண்டு ஊட்டுக்காரங்களும் சரியாப் படிக்காமயே கையெழுத்துப் போட்டுட்டாங்க. வெவரம் தெரிஞ்சா என்னைய உரிச்சுப் போடுவாங்க!”

அறிவுச்செல்வி சிரித்தாள்.

“அட நீங்க ஒண்ணுங்க! எல்லாருமே ஒண்ணுக்கு ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டாங்க. அந்த சனங்களுக்கு ஒரு ஊடு கெடைக்கோணும்னு எல்லாருக்கும் ஆசைதான். உங்களுக்குப் பயந்துட்டு வாயத் தொறக்காம இருந்தாங்க. நீங்களே எழுதிக் கொண்டாந்து நீட்டவும், சந்தோசமாப் போட்டுட்டாங்க.”

“அப்போ...?”

“இந்த நகர்லயே படிக்காத ஆளு நீங்க ஒருத்தருதானுங்க.”