பவளத்துக்கு நைட் ஷிஃப்ட்

அன்று சாயங்காலம் அந்த ஒற்றை அறை வீட்டில் இருந்தவர்கள்: ஸ்டூல் மேல் நின்று நீல லைட் மாட்டிக்கொண்டிருந்த தமிழ்வாணன், அவன் அம்மா கனகம், மனைவி ஜோதி. லைட்டுக்குக் கீழே கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீரில் நகம் அளவுக்குச் சில பவளத் துண்டுகள்.

"ஒரு வாரம் லீவு போட்டுட்டு, கல்லுக்கு லைட்டு மாட்டிகினு கீறான்," என்றாள் கனகம்.

"கல்லு இல்லம்மா, உசுரு. வெளிச்சம்தான் அதுக்குச் சோறு. டெய்லி எட்டு மணி நேரம் எரியணும். அப்புறம் இருட்டு வேணும்."

"அதுக்காவது எட்டு மணி நேரம். உனக்கு ஓ.டி. வேற."

ஜோதி லைட்டின் டைமரைப் பார்த்தாள். "இன்னாங்க, ராத்திரி எட்டுலேர்ந்து நாலு வரிக்கும் வெச்சிருக்கீங்க? நைட் ஷிஃப்ட் போறவரு எப்போ பாப்பீங்க?"

அவன் ஸ்க்ரூவைத் திருகினான்.

தெருவில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.

"லீவு முடிஞ்சுதேடா, எறங்கு," என்றாள் கனகம்.

அவன் இறங்கவில்லை.

"அவரு லீவுல இல்ல அத்தை. வேலைய வுட்டுட்டாரு. சூப்பர்வைசரே போன் பண்ணிச் சொன்னாரு." ஜோதி கைப்பையிலிருந்து புது பேட்ஜை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். "வேன் எனக்கு வந்துக்கீது. இன்னிலேர்ந்து பேக்கிங் லைன்ல நான்."

கனகம் ஸ்டூல் மேல் நின்ற மகனை அண்ணாந்து பார்த்தாள்.

வாசலில் செருப்பை மாட்டிய ஜோதி, புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"டைமரை மாத்தாதீங்க. பகல்ல நான் தூங்கணும்."

அவள் போனதும் தமிழ்வாணன் ஸ்டூலிலிருந்து இறங்கி, இத்தனை நாள் ஜோதி செய்ததுபோல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.