யாரைக் கேட்டீங்க?

வளர்ச்சியும் மனித உரிமையும் பற்றிய அன்றைய வகுப்புக்கு வெளியாட்களும் வரலாம் என்று பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. மாணவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அறுபத்தெட்டு வயது அம்மாள், வழியெல்லாம் உருப்போட்டு வந்த கேள்வியோடு, எழுந்தாள்.

“ஒரு சந்தேகம் சார். ஒருத்தரை வேற இடத்துக்கு மாத்துறாங்க. அங்க எல்லா வசதியும் இருக்கு. அப்பவும் தப்பா?”

அவளைப் பார்த்ததும் பேராசிரியர் கையிலிருந்த குறிப்பைக் கீழே வைத்தார். “தப்புதாம்மா. கேக்காம செஞ்சா, நல்லதே ஆனாலும் அது உரிமை மீறல்தான்.”

“வீட்டுப் பத்திரம் வேற ஒருத்தர் பேர்ல இருந்தா?”

“குடியிருக்கறவங்களையும் கேட்டே ஆகணும்.”

“நாப்பது வருஷமா நான் இருக்கற வீட்டை நாளைக்கு இடிக்க வராங்க சார். என்னை ஒரு வார்த்தை கேக்கலை.”

வகுப்பே கொதித்தது. “யாரும்மா அந்த ஆளு? பேரைச் சொல்லுங்க, கோர்ட்டுக்கு இழுத்துடலாம்!” என்று ஒரு மாணவி எழுந்தாள்.

அம்மாள் பேராசிரியரையே பார்த்தபடி நின்றாள்.

அவர் கைப்பேசியை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினார்.

“கான்ட்ராக்டரா? நாளைக்கு வீட்டை இடிக்க ஆள் அனுப்பாதீங்க. நான் இன்னும் எங்க அம்மாவைக் கேக்கலை.”