மழைக்குள் ஒரு பந்தி

சிறுமலை அடிவாரத்தில், பஸ் எட்டிப் பார்க்காத ஏரிக்கரையில், அந்தி மழை சாய்ந்தடிக்கிறது. தூண்டில் போட வந்த திண்டுக்கல் குடும்பம் கூடாரத்துக்குள், வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்களில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. ஆரோக்கியதாசும் அவர் மனைவி சகாயசெல்வியும் நடத்தும் இந்த முகாமுக்கு முதன்முதலாக வந்த விருந்தாளிகள் இவர்கள்தான். காற்றில் ஒரு முளை பிடுங்கிக்கொள்ள, கூடாரம் ஒருபக்கமாகச் சரிகிறது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எல்லார் முகத்திலும் ஆடுகிறது. "இவுகள ஜீப்புல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவோம் செல்வி" என்கிறார் ஆரோக்கியதாஸ், சொட்டச் சொட்ட நனைந்து. "சோறு வடிச்சாச்சு. சாப்புடாம யாரையும் அனுப்ப மாட்டேன். நீங்க போயி முளைய அடிங்க, கம்ப நான் பிடிக்கிறேன்." சேலையை இழுத்துச் செருகி, சரியும் நடுக்கம்பைத் தோளில் வாங்குகிறாள். வெளியே சம்மட்டி விழும் ஒவ்வொரு முறையும் கம்பு அதிர்ந்து அவளைப் பல்லைக் கடிக்க வைக்கிறது. மெல்ல மெல்லக் கூடாரத் துணி விறைக்கிறது. மழை இப்போது அதன் மேல் தட்டிவிட்டு வழிந்தோடுகிறது, உள்ளே வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவள் இலை போடுகிறாள். கெளுத்தி மீன் குழம்பின் புளிவாசனை ஈரத்தை மீறி எழும்புகிறது. முதல் கவளத்துக்குப் பிறகு யாரும் கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்கிறாள் அந்தக் குடும்பத்து அம்மா. சகாயசெல்வி குனிந்து ஊற்றியபடியே கேட்கிறாள்: "காலையில இட்லி அவிக்கவா, பொங்கல் வைக்கவா?"