பொந்துக்கு ஒரு மாஜோங்

மரத்தில் ஒரே ஒரு பொந்துதான் இருந்தது. மழைக்காலத்துக்கு அது தனக்குத்தான் வேண்டும் என்று அணில், மைனா, ஓணான் மூன்றும் மல்லுக்கு நின்றன. கடைசியில், மாஜோங் என்ற கட்டை விளையாட்டை ஜப்பான் முறையில் ஆடி, ஜெயிப்பவருக்கே பொந்து என்று ஒத்துக்கொண்டன.

முதல் ஆட்டத்தில் மைனா வேண்டாமென்று போட்ட கட்டையை அணில் எடுத்துத் தன் வரிசையில் சேர்த்தது. சற்று நேரத்தில், "ஜெயிச்சுட்டேன்!" என்று துள்ளியது.

"அடுத்தவர் போட்டதைச் சேர்த்தா இந்த வெற்றி செல்லாது. எங்க பக்கம் அப்படித்தான்," என்றது மைனா.

"எங்க பக்கம் செல்லுமே, அக்கா!"

"எங்க பக்கம் சிவப்புக் கட்டைக்குத் தனிப் புள்ளி உண்டு," என்றது ஓணான்.

அணிலுக்கு அழுகையே வந்துவிட்டது. "முதல்ல விதிகளைப் பேசி முடிப்போம். அப்புறம் ஆடலாம்," என்றது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மூன்றும் பேசிக்கொண்டே பொந்துக்குள் ஓடின.

ஒரு விதியை முடிக்க நான்கு நாள் ஆனது. குளிரில் ஓணான் மைனாவின் சிறகுக்குள் புகுந்துகொண்டு வாதாடியது. மைனா, பிடித்து வந்த பூச்சியில் பாதியை ஓணானுக்குக் கொடுத்துக்கொண்டே மறுத்துப் பேசியது.

எல்லா விதிகளும் முடிந்தபோது மழை விட்டிருந்தது. மைனா வெளியே வந்து கட்டைகளைக் கலைத்தது. "ஆரம்பிக்கலாமா? ஜெயிச்சவருக்குப் பொந்து."

அணிலும் ஓணானும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அக்கா, புள்ளி சமமா வந்தா என்ன பண்றதுன்னு நாம பேசவே இல்லையே," என்றது அணில்.

"அட, ஆமா!" என்று சொல்லி, மைனாதான் முதலில் பொந்துக்குள் நுழைந்தது.