செருப்பு அலமாரியில் ஒரு சர்வர்

இரண்டு ஸ்க்ரூக்கள் கழன்றுவிட்டன. மூன்றாவது அசையவில்லை.

இறுக்கியது அவள்.

செருப்பு அலமாரியின் மேல்தட்டில் அந்த மதர்போர்டு கிடந்தது. ஏதோ ஓர் அலுவலகத்தின் சர்வரில் வருடக்கணக்கில் ஓடி, வேண்டாம் என்று கழிக்கப்பட்டு, ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் ஒரு கடை வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது. அவள்தான் பொறுக்கி எடுத்தாள். வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, மடியில் வைத்து, துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்தாள்.

மழைகூட இல்லை அன்று.

ஒரு கம்பெனிக்கே பந்தி பரிமாறியது இது, நம் இரண்டு பேருக்குப் பரிமாறாதா என்றாள்.

பெட்டி கிடையாது. ப்ளைவுட் துண்டு ஒன்றில் திருகி வைத்தாள். அலமாரிக் கதவின் சட்டங்களுக்கு இடையே காற்று போகும். அவனுடைய ஷூக்கள் கீழ்த்தட்டுக்கு இறங்கின. பிறகு வீட்டுக்கு வெளியே போயின.

அன்று முதல் வீட்டுக்கு ரூட்டர் அதுதான். முழுப் படம் ஒன்று, தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் இறங்கிவிடும். நிறைய இறக்கி வைத்தார்கள்.

பாதிகூடப் பார்க்கவில்லை.

இப்போது அதன் ஃபேன் முனகுகிறது. கரண்ட் நிறைய இழுக்கிறது. இன்டர்நெட் இணைப்புக்காரர்கள் கொடுத்த புது ரூட்டர் தரையில் இருந்தது. சோப்பு டப்பா அளவு. சத்தமே போடாது.

அதைக் கழற்றுவதற்கு அவன் அலுவலகத்தில் சொன்ன காரணங்கள் இவை. அவள் இல்லாமலும் அது ஓடிக்கொண்டிருப்பதை அங்கே சொல்லவில்லை.

ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்தான்.

சமையலறையிலிருந்து அத்தை வந்து நின்றார். அவளுடைய அம்மா. மகளின் காரியத்துக்காகக் கோவில்பட்டியிலிருந்து வந்தவர். வந்த கூட்டம் போன பிறகும் அவர் போகவில்லை. அவனும் கேட்கவில்லை. அவர் சமைத்தார், அவன் சாப்பிட்டான். இருவரும் அதிகம் பேசுவதில்லை.

என்ன செய்கிறான் என்று கேட்டார். சொன்னான்.

அத்தை அலமாரியைப் பார்த்தார்.

"அத எடுத்துட்டா நீங்க வாரது எனக்கு எப்படித் தெரியும் மாப்ள?"

அவனுக்குப் புரியவில்லை.

"கத்தும்லா. ரெண்டு தடவ. ஒங்க வண்டி கேட்டுக்குள்ள வந்ததும். செல்விதான் சொன்னா. அது கத்துனதும் பால அடுப்புல வச்சிரும்மா, அவுக மூணு மாடி ஏறுததுக்குள்ள பொங்கிரும்னு."

ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது.

சர்வர் போர்டுகளில் சின்ன ஒலிப்பான் ஒன்று இருக்கும். சட்டைப் பொத்தான் மாதிரி, கறுப்பாக. ஏதாவது பழுதென்றால் சத்தம் போட்டுச் சொல்வதற்காக வைத்தது.

அவள் அதற்கு வேறு வேலை கொடுத்திருக்கிறாள். அவன் போன் கீழே வைஃபைக்குள் வந்ததும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

சீக்கிரம் வந்தாலும் தாமதமாக வந்தாலும் காபி சூடாகவே இருந்தது. எப்படி என்று ஒருமுறை கேட்டான். உன் வண்டிப் புகை மூன்றாவது மாடிவரை வருகிறது என்றாள். பால்கனியில் நின்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். வண்டியை நிறுத்தும்போது தினமும் அண்ணாந்து பார்ப்பான். ஒருநாளும் அவள் அங்கே இல்லை.

அவள் போன பிறகு முதல்முறையாக அலுவலகம் போய்வந்த அன்றும் காபி சூடாக இருந்தது. அன்று அவன் எதையும் கேட்கவில்லை. குடித்தான்.

அந்தச் சத்தத்தை அவன் கேட்டதே இல்லை.

அது ஒலித்தபோதெல்லாம் அவன் கீழே இருந்தான்.

போனில் வைஃபையை அணைத்தான். மறுபடி போட்டான். போர்டு பேசாமல் இருந்தது. இன்னொரு முறை செய்தான். ஃபேன் மட்டும் முனகியது.

போன் கொஞ்ச நேரமாவது வீட்டை விட்டு வெளியே போயிருக்க வேண்டும் போல. வீட்டுக்குள்ளேயே இருப்பவனைப் பார்த்து அது எதற்குக் கத்த வேண்டும். அவள் அப்படித்தான் யோசித்திருப்பாள்.

அத்தை பையை எடுத்துக்கொண்டு கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டினார்.

அவன் எழுந்து போய்ப் போனை நீட்டினான்.

எதற்கு என்று கேட்டார்.

"சும்மா... கொண்டு போயிட்டு வாங்க அத்தை."

அத்தை போனைப் பார்த்தார். திறந்திருந்த அலமாரியைப் பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை. போனைப் பைக்குள் போட்டார்.

"கடையில கூட்டமா இருக்கும். மெதுவாத்தான் வருவேன்."

படிகளில் அவர் இறங்கும் சத்தம் குறைந்துகொண்டே போனது.

அவன் இரண்டு ஸ்க்ரூக்களையும் திரும்பப் போட்டான். அவள் இறுக்கிய அளவுக்கு இறுக்கினான். அலமாரிக் கதவைச் சாத்தினான்.

சமையலறைக்குப் போனான்.

டிகாக்‌ஷன் இருந்தது. பாலைப் பாத்திரத்தில் ஊற்றினான். அடுப்பின் மேல் வைத்தான். பற்றவைக்கவில்லை.

அந்த ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும். கேட் தெரியாது. வண்டிகள் தெரியாது. இங்கே நின்றுகொண்டு யாரும் யாரையும் பார்த்திருக்க முடியாது.

லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

எங்கோ குக்கர் விசில் அடித்தது. எதிர்வீட்டில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். அவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருப்பாள். நடுவே அந்த ஒன்றுக்காகக் காதை வைத்துக்கொண்டு.

ஒரு வண்டி வந்து நின்றது. இல்லை, அது பக்கத்துக் கட்டடம்.

கால் மாற்றி நின்றான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். ஏன் என்று தெரியவில்லை.

அப்போது அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

சின்னச் சத்தம். ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று.

கீழே அவன் வந்துவிட்டான்.

அடுப்பைப் பற்றவைத்தான்.